பாதரசத்தின் மேல் ஒரு மஞ்சள் படிவு
(அறிவியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் வாழ்க்கை வரலாறு)



இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுத வந்திருப்பது ஒரு வேதியியல் அறிஞரைப் பற்றி. அவர் பெயர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய். சி.வி. ராமன், ராமானுஜன், ஜகதீஷ் சந்திர போஸ் எல்லாரையும் நமக்குத் தெரியும். இவரை நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கும் போன மாதம் வரை தெரியாது. எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கு. ஆனாலும் சொன்னால்தான் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்கும்.

நான் செய்த தப்பு

அமிலத்தின் செறிவு கூடினால் உலோகத்தோடு வினை நடக்கும் வேகம் கூடும். இதைப் பார்க்க எங்கள் வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். மூன்று சோதனைக்குழாய். மூன்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். முதல் குழாயில் தண்ணீர் நிறையக் கலந்தது, இரண்டாவதில் அதைவிடக் கொஞ்சம் காரமானது, மூன்றாவதில் எல்லாவற்றையும் விடக் காரமானது. ஒவ்வொன்றிலும் 3 செ.மீ. மெக்னீசியம் நாடா போட வேண்டும். நாடா முழுசாகக் கரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

முதல் குழாயில் மெதுவாகக் குமிழ் வந்தது. கரைந்து முடிக்க 4 நிமிடம் ஆச்சு. இரண்டாவதில் ஒன்றரை நிமிடம். மூன்றாவது குழாய்க்கு வரும்போது பாட்டிலில் அமிலம் தீர்ந்துபோச்சு. அடியில் கிடந்தது ஒரு மில்லிகூட இருக்காது. சரி, போதும் என்று ஊற்றி நாடாவைப் போட்டேன். புஸ்ஸென்று பொங்கியது. குழாயைத் தொட்டால் சூடு. ஆனால் கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை. நாடாவில் பாதி கரையாமல் அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் பயம். புத்தகத்தில் மூன்றாவதுதான் சீக்கிரம் கரையும் என்று இருக்கு. அதனால் நோட்டில் மூன்றாவது குழாய் 20 வினாடி என்று எழுதிவிட்டேன். டீச்சர் நோட்டைப் பார்த்தார்கள். பிறகு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். உள்ளே நாடாத் துண்டு கிடந்தது. என்னைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. மறுநாள் ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்து, படித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார்கள். அதில் இருந்தவர்தான் பிரபுல்ல சந்திர ராய்.

பிறப்பும் இளமையும்

ராய் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி பிறந்தார். ஊர் ராருலி. அப்போது வங்காளத்தில் இருந்தது, இன்று வங்கதேசத்தில் குல்னா மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா பெயர் ஹரீஷ் சந்திர ராய், அம்மா புவனமோகினி தேவி. அப்பா நிலம் நீச்சு உள்ளவர், நன்றாகப் படித்தவர். வீட்டிலேயே பெரிய நூலகம் வைத்திருந்தார். சொந்த ஊரில் பள்ளிக்கூடமும் நடத்தினார். ராய் அந்தப் பள்ளியில்தான் முதலில் படித்தார்.

1870-இல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிவந்தது. ஹேர் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் 1874-இல் அவருக்குக் கடுமையான சீதபேதி வந்துவிட்டது. பள்ளியை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய இரண்டு வருடம்! அந்த நோய் கடைசிவரை அவரை முழுசாக விட்டுப் போகவில்லை. வாழ்நாள் எல்லாம் பத்தியச் சாப்பாடு, குறைந்த சாப்பாடுதான்.

நம்மில் ஒருவர் இரண்டு வருடம் பள்ளிக்கு வராமல் இருந்தால் என்ன ஆகும்? படிப்பை நிறுத்திவிடுவார்கள், இல்லையா? நம்ம ஊரில் விசைத்தறிக்குப் போய்விட்ட அண்ணன்மார்களை நமக்குத் தெரியும். ராய் வீட்டில் புத்தகம் இருந்தது. படுக்கையில் கிடந்தபடியே அப்பாவின் நூலகத்தைப் படித்துத் தீர்த்தார். பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு, இலக்கியம், சரித்திரம் எல்லாம். உடம்பு தேறியதும் ஆல்பர்ட் பள்ளியில் சேர்ந்து 1879-இல் நுழைவுத் தேர்வில் தேறினார்.

பிறகு ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கட்டணம் குறைவு. அப்பாவுக்கு அப்போது கடன் ஏறிவிட்டது. ஆனால் அங்கே ஆய்வுக்கூடம் இல்லை. அதனால் வேதியியல் பாடத்துக்கு மட்டும் பிரசிடென்சி கல்லூரிக்குப் போய்வந்தார். அங்கே அலெக்சாண்டர் பெட்லர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் பாடத்தோடு சோதனைகளையும் செய்து காட்டுவார். அதைப் பார்த்துத்தான் ராய்க்கு வேதியியல் பைத்தியம் பிடித்தது. நண்பர் ஒருவரோடு சேர்ந்து அவர் தங்கியிருந்த அறையிலேயே சின்ன ஆய்வுக்கூடம் வைத்தார். ஒருநாள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து எரிக்கும் கருவியைத் தகரத்தில் தாங்களே செய்து பார்த்தார்கள். அது வெடித்துவிட்டது! நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. (தோழர்களே, நாம் வீட்டில் இப்படிச் செய்யக் கூடாது.)

கடல் கடந்து படிப்பு

கில்கிறிஸ்ட் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அதில் வென்றால் பிரிட்டனில் படிக்கலாம். தேர்வு மிகக் கடினம். லத்தீன், பிரெஞ்சு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தோற்றால் கேலி செய்வார்களே என்று ராய் வெளியே சொல்லாமல் படித்தார். அந்த முறை இந்தியாவில் இருவருக்குத்தான் கிடைத்தது. ஒருவர் பம்பாயைச் சேர்ந்தவர், இன்னொருவர் நம் ராய். 1882-இல் கப்பல் ஏறினார். ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். 1885-இல் பி.எஸ்ஸி. பட்டம். 1887-இல் டி.எஸ்ஸி. என்ற முனைவர் பட்டம். தாமிரம், மெக்னீசியம் வகை உலோகங்களின் சல்பேட் உப்புகளைப் பற்றித்தான் அவர் ஆராய்ந்தார். நான் கரைத்த அதே மெக்னீசியம்!

படிக்கும்போதே இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சி எப்படி நடக்கிறது என்று குறை சொல்லி ஒரு கட்டுரையும் எழுதினார். உதவித்தொகை கொடுத்தவர்கள் நாட்டிலேயே இருந்துகொண்டு அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும்.

பட்டம் இருந்தும் பாதிச் சம்பளம்

1888-இல் ஊர் திரும்பினார். கையில் டாக்டர் பட்டம், நல்ல சான்றிதழ்கள். ஆனால் வேலை கிடைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை. சம்பளம் மாதம் 250 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகைதான். ஆனால் அதே படிப்புப் படித்த ஆங்கிலேயருக்கு உயர்ந்த பதவி, மிக அதிகமான சம்பளம். இந்தியர் என்றால் கீழ்ப் பதவிதான். இது என்ன நியாயம் என்று ராய் கல்வித் துறையின் பெரிய அதிகாரியிடம் போய்க் கேட்டார். இந்த வேலையை ஏற்கச் சொல்லி உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாமே என்ற மாதிரிப் பதில் கிடைத்தது.

ராய் வேலையை விடவில்லை. அழுது புலம்பவும் இல்லை. இந்தியராலும் ஆராய்ச்சி செய்ய முடியும் என்று காட்டினால்தான் இதற்குப் பதில் என்று முடிவு செய்தார். முதலில் நெய், கடுகெண்ணெய் இவற்றில் நடக்கும் கலப்படத்தை ஆராய்ந்தார். கடைச் சரக்கை நம்பாமல் தன் கண் முன்னாலேயே பால் கறக்கச் செய்து, கடுகை ஆட்டச் செய்து, சுத்தமான மாதிரி தயாரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த முடிவு 1894-இல் வெளிவந்தது.

மஞ்சள் படிவு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கவனமாகப் படியுங்கள்.

மெர்குரஸ் நைட்ரேட் என்ற உப்பு ராய்க்கு அதிகமாகத் தேவைப்பட்டது. அதைத் தயாரிக்கப் பாதரசத்தின் மேல் நைட்ரிக் அமிலம் ஊற்ற வேண்டும். பாதரசமும் உலோகம்தான், ஆனால் சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும். மெக்னீசியம் மாதிரி எந்த அமிலத்தோடும் அது வினை புரியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதை ஒன்றும் செய்யாது. நைட்ரிக் அமிலம் அதைக் கரைக்கும்.

இங்கேதான் செறிவு விளையாடுகிறது. அடர் நைட்ரிக் அமிலத்தை ஊற்றிச் சூடு செய்தால் பழுப்பு நிறப் புகை கிளம்பும், வினை வேகமாக நடக்கும், கிடைப்பது மெர்குரிக் நைட்ரேட். தண்ணீர் கலந்த நீர்த்த அமிலத்தை, சூடாக்காமல், நிறையப் பாதரசத்தின் மேல் ஊற்றினால் வினை மெதுவாக நடக்கும், கிடைப்பது மெர்குரஸ் நைட்ரேட். பாருங்கள், அதே உலோகம், அதே அமிலம். செறிவு மாறினால் வேகம் மட்டுமல்ல, கிடைக்கும் பொருளே மாறுகிறது!

ராய் நீர்த்த அமிலத்தைத்தான் எடுத்தார். சூடாக்கவும் இல்லை. வினை மெதுவாக நடந்தது. அப்போது பாதரசத்தின் மேல் மஞ்சளாக ஒரு படிகப் படிவு வந்தது. மெர்குரஸ் நைட்ரேட் மஞ்சளாக இருக்காது, வெண்மையாகத்தான் இருக்கும். அவருக்கு வேண்டியது வெள்ளைப் படிகம். வந்தது மஞ்சள்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? அழுக்கு என்று வழித்துப் போட்டிருப்பேன். நோட்டில் வெள்ளைப் படிகம் கிடைத்தது என்று எழுதியிருப்பேன். ராய் அப்படிச் செய்யவில்லை. அந்த மஞ்சளைத் தனியாக எடுத்தார். முதலில் அதை ஒரு காரத்தன்மை உள்ள உப்பு என்று நினைத்தார். ஆனால் இவ்வளவு அமிலத்துக்குள் அப்படி ஒரு உப்பு எப்படி உருவாகும் என்று அவருக்கே சந்தேகம் வந்தது. சோதித்தார். திரும்பவும் சோதித்தார். அது மெர்குரஸ் நைட்ரைட் என்று தெரிந்தது.

நைட்ரேட், நைட்ரைட் என்று சொல்லும்போது ஒரே மாதிரி கேட்கும். ஆனால் நைட்ரேட்டில் மூன்று ஆக்சிஜன், நைட்ரைட்டில் இரண்டு. ஒரு எழுத்தில் வேறு பொருள்! நைட்ரைட் சட்டென்று சிதைந்துவிடும், அமிலத்தில் நிற்கவே நிற்காது. மெர்குரஸ் சேர்மங்களும் எளிதில் சிதையக் கூடியவை. இரண்டு நிலையில்லாதவை ஒன்றாகச் சேர்ந்து நிலையான ஒரு பொருளாக நின்றதுதான் அதிசயம். வினை மெதுவாக நடந்ததால்தான் அந்தப் படிகம் மேலே படிய நேரம் கிடைத்தது. சூடு செய்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

1896-இல் இந்தக் கண்டுபிடிப்பை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அதே வருடம் மே மாதம் லண்டனில் வெளிவரும் நேச்சர் என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழும் இதைக் குறிப்பிட்டு எழுதியது. பிறகு பல வருடம் நைட்ரைட்டுகளையே ஆராய்ந்தார். அம்மோனியம் நைட்ரைட் சூடாக்கினால் சிதைந்துவிடும் என்பார்கள். அதை ஆவியாக்கிக் காட்டி 1912-இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் கட்டுரை படித்தார். வேறு பிழைப்பு பார் என்றவர்களுக்கு அவர் கொடுத்த பதில் இது.

எலும்பும் அமிலமும்

ராய் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் இருந்தவர் இல்லை. படித்த இளைஞர்கள் எல்லாரும் குமாஸ்தா வேலைக்கே அலைகிறார்களே, நாமே பொருள் தயாரித்தால் என்ன என்று நினைத்தார். 1892-இல் கல்கத்தா அப்பர் சர்க்குலர் சாலை 91-ஆம் எண் வாடகை வீட்டில் மருந்து தயாரிக்க ஆரம்பித்தார். முதலீடு வெறும் 700, 800 ரூபாய்.

ஒரு மருந்து உப்புக்கு மாட்டு எலும்பு தேவைப்பட்டது. மூட்டை மூட்டையாக வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டார். எதிர்பாராமல் மழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழு வைத்தது. காக்கைகள் கூட்டமாக வந்து தூக்கிக்கொண்டுபோய் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் போட்டன. கேட்க வேண்டுமா? தெருவே சண்டைக்கு வந்துவிட்டது! பிறகு ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைக்குக் கொண்டுபோய் எரித்தார். ராத்திரி நேரத்தில் எலும்பு எரிவதைப் பார்த்துப் போலீஸ் சந்தேகப்பட்டு வந்துவிட்டதாம். இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் ஆச்சி என்னட்டி ஆச்சு என்று கேட்டார்கள்.

அந்த எலும்புச் சாம்பலில் கந்தக அமிலம் ஊற்றித்தான் மருந்து உப்பு செய்தார்கள். கந்தக அமிலம் எல்லாத் தொழிலுக்கும் வேண்டும். கப்பலில் கொண்டுவர ஆபத்து, செலவும் அதிகம். அதனால் பின்னால் மாணிக்தலாவில் தொழிற்சாலை கட்டி, அதையும் அங்கேயே தயாரித்தார்கள்.

இங்கேயும் நமக்கு ஒரு பாடம் இருக்கு. அந்தக் காலத்தில் கந்தக அமிலத்தை ஈயத் தகடு பதித்த பெரிய அறைகளில் தயாரிப்பார்கள். ஈயமும் உலோகம்தானே, அமிலம் அரித்துவிடாதா? அரிக்கும். ஆனால் முதலில் அரித்ததும் ஈய சல்பேட் என்ற பொருள் மேலே தோல் மாதிரி படிந்துவிடும். அதற்கு மேல் அமிலம் உள்ளே போகாது. அமிலம் மிகவும் அடர்த்தியாகிச் சூடும் ஏறினால் அந்தத் தோலும் கரைந்துவிடும். அதனால் ஒரு அளவுக்கு மேல் ஈயப் பாத்திரத்தில் செறிவு ஏற்ற மாட்டார்கள். இரும்பு அதற்கு நேர் எதிர். நீர்த்த கந்தக அமிலம் இரும்பை வேகமாக அரிக்கும். சூடில்லாத அடர் கந்தக அமிலத்தை இரும்புத் தொட்டியிலேயே கொண்டுபோகலாம்! செறிவு கூடினால் வேகம் கூடும் என்பது பொதுவான விதி, ஆனால் எல்லா உலோகத்துக்கும் எல்லா அமிலத்துக்கும் அதை அப்படியே எழுதிவிடக் கூடாது. செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ராய்க்குத் தோள் கொடுத்த டாக்டர் அமூல்ய சரண் போஸ் 1898-இல் பிளேக் நோயில் இறந்துபோனார். ராய் உடைந்துபோனாலும் தொழிலை விடவில்லை. 1901-இல் அது பெங்கால் கெமிக்கல்ஸ் என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. 1980-இல் அரசுடைமை ஆயிற்று. அங்கே தயாரான பினாயில் இந்தியா முழுவதும் தெரிந்த பொருள்.

எளிமை

1901-ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரஸ் முடிந்தபின் காந்தியடிகள் கோகலே வீட்டில் தங்கியிருந்தார். பக்கத்தில் குடியிருந்த ராயைக் கோகலேதான் அவருக்கு அறிமுகம் செய்தார். மாதம் 800 ரூபாய் சம்பளத்தில் 40 ரூபாயை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பவர் என்று காந்தியடிகள் தன் சுயசரிதையில் ராயைப் பற்றி எழுதியிருக்கிறார். ராய் திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களே அவருக்குப் பிள்ளைகள்.

1916-இல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அந்தக் கல்லூரி மாடியில் ஒரு அறையில்தான் குடியிருந்தார். ஒரு கட்டில், புத்தகங்கள், கதர்த் துணி, ராட்டை. 1921-இல் 60 வயது ஆனதும் தன் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக் கொடுத்தார். 1936 வரை சம்பளம் வாங்காமலேயே வேலை பார்த்தார். 1922-இல் வட வங்காளத்தில் பெரும் வெள்ளம் வந்தபோது நிவாரணக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அறிவியல் கல்லூரியே அரிசியும் துணியும் கட்டும் இடமாக மாறிவிட்டது.

பழங்கால இந்தியர்களின் வேதியியல் அறிவை ஓலைச்சுவடிகளிலிருந்து தேடி எடுத்து, 1902-இலும் அதற்குச் சில வருடம் கழித்தும் இரண்டு பாகமாகப் புத்தகம் எழுதினார். 1924-இல் இந்திய வேதியியல் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். மேகநாத் சாகா, சத்யேந்திர நாத் போஸ் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். வினைவேகம் பற்றி நிறைய ஆராய்ந்த நீல்ரத்தன் தர் அவர் மாணவர். இன்னொரு மாணவர் பீமன் பிகாரி தே நம்ம சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து வேதியியல் பேராசிரியராக இருந்தார். அப்படியென்றால் ராயின் பாடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது!

1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி ராய் காலமானார். வயது 82. நாடு விடுதலை அடைவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் பிறந்து 150 வருடம் ஆன 2011-இல் பிரிட்டன் நாட்டின் ராயல் வேதியியல் சங்கம் அவர் நினைவாகச் சிறப்புப் பலகை வழங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே இப்படி வழங்கியது அதுவே முதல் முறை.

எங்கள் மூன்றாவது குழாய்

புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு டீச்சரிடம் போனேன். நோட்டில் எழுதியது பொய் என்று சொன்னேன். தெரியும், உட்கார், அந்தப் பாதி நாடா ஏன் கரையவில்லை என்று யோசி என்றார்கள்.

யோசித்தேன். அமிலத் துகள்கள் உலோகத்தின் மேல் வந்து மோதுவதால்தான் வினை நடக்கிறது. செறிவு அதிகம் என்றால் அதே இடத்தில் நிறையத் துகள்கள் இருக்கும், நிறைய மோதும், வினை வேகமாக நடக்கும். அதனால்தான் மூன்றாவது குழாய் புஸ்ஸென்று பொங்கியது. ஆனால் மொத்த அமிலமே ஒரு மில்லி. நாடா கரையக் கரைய அமிலமும் தீர்ந்துகொண்டே வந்தது, செறிவு குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் நின்றுபோச்சு. செறிவு வேறு, அளவு வேறு! காரமான அமிலம் வேகமாக வேலை செய்யும், ஆனால் அளவு பற்றாவிட்டால் வேலை பாதியில் நிற்கும்.

ஆச்சி ஆடித்தபசு சமயத்தில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவார்கள். புளியைத் தண்ணியாகக் கரைத்தால் தேய்த்துக்கொண்டே இருக்கணும். கெட்டியாக அப்பினால் சீக்கிரம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் கெட்டிப் புளி ஒரு கொட்டை அளவுதான் இருந்தால் விளக்கின் தலை மட்டும்தான் மின்னும். ஆச்சிக்கு வேதியியல் தெரியாது என்று யார் சொன்னது?

புது பாட்டில் வந்ததும் டீச்சர் முன்னிலையில் மூன்று குழாயிலும் 10 மில்லி சரியாக அளந்து திரும்பவும் செய்தேன். மூன்றாவது குழாயில் நாடா கரைய ஆன நேரம் 22 வினாடி. நான் பொய்யாக எழுதிய 20-க்கும் இதற்கும் 2 வினாடிதான் வித்தியாசம். அப்படியானால் முதலில் எழுதியது சரிதானே என்று என் தோழி கேட்டாள். இல்லை. அந்த 20-ஐ நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது பாதி நாடா. அதை மறைத்ததால், அது சொல்லிக் கொடுக்க இருந்த பாடத்தையும் மறைக்கப் பார்த்தேன். ராய் மஞ்சள் படிவை மறைத்திருந்தால் மெர்குரஸ் நைட்ரைட் இல்லை.

பழைய 20-ஐ அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் அந்த நோட்டை வாங்கிப் பார்க்கலாம்.

தோழிகளே, தோழர்களே! சோதனையில் புத்தகத்தில் உள்ளபடி வராவிட்டால் பயப்படாதீர்கள். வந்ததை எழுதுங்கள். ஏன் அப்படி வந்தது என்று கேளுங்கள். இதுதான் ராய் வாழ்க்கையிலிருந்து நான் கற்றது.

கவனத்துக்கு!
1. அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.
2. பாதரசம் நஞ்சு. உடைந்த தெர்மாமீட்டரில் அது உருளுவதைப் பார்த்துக் கையில் எடுத்து விளையாடாதீர்கள்.
3. ஆசிரியர் இல்லாமல் அமிலத்தைத் தொடாதீர்கள். கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்!
1. ராய் கண்டுபிடித்த மஞ்சள் நிறப் பொருளின் பெயர் என்ன?
2. பாதரசத்தை ஒன்றும் செய்யாத அமிலம் எது?
3. ஒரே காரமுள்ள அமிலம், ஒரே அளவு. ஒரு குழாயில் மெக்னீசியம் நாடா, இன்னொன்றில் அதே எடை மெக்னீசியம் தூள். எது முதலில் கரையும்? ஏன்?

மூன்றாவது கேள்விக்கு விடை கட்டுரையில் இல்லை. யோசித்துத் தாளில் எழுதி, சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த மாதம்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சங்கரன்கோவில்.